சனிக்கிழமை மைல் ஓட்டம்

கல்கத்தாவில் நீ பார்த்த பெரிய வேடிக்கை எது என்று என் பெண்கள் கேட்பதுண்டு. மைதானத்தில் நடந்த ஓட்டப் பந்தயம் என்பேன். சிரிப்பார்கள். ராஜா ராணி வந்த ஊரில், தெருவுக்குத் தெரு துர்கா பூஜை நடக்கிற ஊரில், போயும் போயும் ஓட்டப் பந்தயமா என்பார்கள். ஆமாம், ஓட்டப் பந்தயம்தான். அதில் ஓடியவன் என் தம்பி. அவனைத் தோற்கடித்தவர் என் வீட்டுக்காரர். அவர் ஓடவே இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றுகொண்டிருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பவானிபூர் முழுக்க அவரை நல்ல மனுஷர் என்றுதான் சொல்லிற்று. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று என் காதுபடவே சொன்னார்கள். சொல்லட்டும். கூடக் குடித்தனம் நடத்தியவள் நான். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் பவானிபூரில் ஒரு வங்காளி வீட்டு மாடியில் இரண்டு அறை எடுத்துக் குடியிருந்தோம். அவருக்குக் கார்டன் ரீச் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. என் தம்பி மெட்ரிக் தேறிவிட்டுக் கும்பகோணத்திலிருந்து வந்தான். எங்களுக்கு அப்பா அம்மா கிடையாது. என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அவன் சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் படுத்து, மீந்ததைத் தின்று வளர்ந்தவன். எனக்கென்று உலகத்தில் இருந்தது அவன் ஒருத்தன்தான். அதே கம்பெனியில் அவனுக்கு ஒரு தற்காலிக வேலை வாங்கிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரரேதான். அதை நான் மறுக்கவில்லை.

வாங்கிக்கொடுத்த பிறகுதான் வந்தது வினை. தம்பிக்கு இங்கிலீஷ் சரளமாக வரும். துரை எதிரில் நிமிர்ந்து நின்று பதில் சொல்வான். என் வீட்டுக்காரருக்கோ துரையைக் கண்டால் முதுகு தானாக வளைந்துவிடும். ஒரு நாள் இவர் எழுதிய கடிதம் ஒன்றைத் துரை தம்பியிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லிவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றினார், கால் அலம்பினார், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து தம்பிக்குச் சாதம் போடும்போதெல்லாம், “நன்னாப் போடு, துரைக்கே பாடம் சொல்லிக் கொடுக்கறவனாச்சே” என்பார். சிரிக்காமல் சொல்வார். என்னிடமும் சரியாகப் பேசுவது நின்றுபோயிற்று. நான் என்ன பாவம் செய்தேன்? அவன் அக்காவாகப் பிறந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் தற்காலிக ஆட்களை எல்லாம் மாசக் கடைசியில் நிறுத்திவிடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. துரை பந்தயப் பைத்தியம். அப்போது மைதானத்தில் பெரிய விளையாட்டுப் போட்டி நடக்க இருந்தது. லாகூர், பம்பாய், மதராஸ் என்று எல்லாத் திக்கிலிருந்தும் ஓட்டக்காரர்கள் வருவதாக இருந்தது. பட்டாளத்து வெள்ளைக்காரர்களும் ஓடப்போகிறார்கள். தம்பி பள்ளிக்கூட நாளிலிருந்தே மைல் ஓட்டத்தில் கெட்டிக்காரன் என்று துரைக்குத் தெரிந்துபோயிற்று. அவனைக் கூப்பிட்டு, “மைல் ஓட்டத்தில் முதல் மூன்று பேரில் ஒருவனாக வந்து காட்டு, உன் வேலை நிரந்தரம்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டான். வந்தால் கல்கத்தா, என் பக்கத்திலேயே இருப்பான். வராவிட்டால் மறுபடி சித்தப்பாவின் மாட்டுக் கொட்டகை. இவ்வளவுதான் விஷயம்.

அதிலிருந்து அவன் விடிவதற்கு முன் எழுந்து மைதானத்துக்குப் போய் ஓடுவான். இவர் கண் விழிப்பதற்குள் திரும்பி வந்து, எனக்குத் தண்ணீர் இறைத்துக்கொடுத்துவிட்டு, பூனை மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான். துரையின் சிநேகிதன் ஒருவன் ஒரு நாள் அவன் ஓடுவதைப் பார்த்துவிட்டு, இவனுக்கு இரண்டாவது இடம் நிச்சயம் என்று ஆபீஸில் வந்து சொன்னானாம். என் வீட்டுக்காரரே வந்து என்னிடம் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சந்தோஷப்படுகிறேனா என்று பார்த்தார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பந்தயத்தன்று சனிக்கிழமை. காலையில் அடுப்பங்கரையில் நான் இருக்கிறேன், இவர் உள்ளே வந்தார். கிண்ணத்தை எடுத்தார். நல்லெண்ணெயை ஊற்றித் தாமே அடுப்பில் வைத்தார். மிளகு எங்கே என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அடுப்பைத் தொட்டுப் பார்த்ததில்லை.

முற்றத்தில் மணையைப் போட்டார். தம்பியைக் கூப்பிட்டார்.

“வாடா, உக்காரு. இன்னிக்குச் சனிக்கிழமை. வந்ததுலேர்ந்து ஒரு வாரமாவது எண்ணெய் தேச்சுண்டிருக்கியோ? உடம்பு முறுக்கிண்டு கிடக்கு. நான் தேச்சு விடறேன்.”

“வேண்டாம் அத்திம்பேர். சாயங்காலம் வந்து தேச்சுக்கறேனே.”

“சாயங்காலம் யாராவது எண்ணெய் தேச்சுப்பாளோ? கோதாவிலே இறங்கற பயில்வான் எல்லாம் எண்ணெயிலே ஊறிட்டுத்தானே இறங்கறான். கீழ்வீட்டு வங்காளியைப் பாரு, தினமும் கடுகெண்ணெயைப் பூசிண்டு முழுகிட்டு ஆபீஸ் போறான். அவனுக்குக் கால் நடக்கலையா?”

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். “பாரேன், உன் தம்பிக்கு வெட்கத்தை” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மனுஷர் மனசு மாறிவிட்டார், இனிமேல் இந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடலாம் என்று நினைத்தேன். “உக்காருடா, அத்திம்பேர் ஆசையாக் கூப்பிடறார்” என்றேன்.

உட்கார்ந்தான். சூடு பறக்கத் தேய்த்தார். உச்சந்தலையில் ஆரம்பித்து, கழுத்து, முதுகு, தொடை, முழங்கால், பாதம் என்று ஒரு இடம் விடவில்லை. பெற்ற தகப்பன்கூட அப்படித் தேய்த்துவிட மாட்டான். ஊறட்டும், ஊறட்டும் என்று வெகுநேரம் உட்கார வைத்தார். பிறகு தவலை நிறைய வெந்நீர். சீயக்காய். அதற்கப்புறம் சாப்பாடு. மிளகுக் குழம்பு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம் எல்லாம் அவர் சொல்லி நான் செய்தது. “தெம்பு வேண்டாமா, இன்னும் ஒரு கரண்டி நெய் விடு” என்று என் கையைப் பிடித்து விடவைத்தார். தம்பி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

படிக்கிறவர்கள் கேட்பீர்கள், உனக்கு அறிவில்லையா என்று. எண்ணெய் தேய்த்துக்கொண்ட அன்றைக்கு உடம்பு துவண்டுபோகும், கண்ணைச் சுழற்றும், வெயிலில் அலையக் கூடாது என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்று. தெரியும். வங்காளி தோலில் தடவிக்கொண்டு உடனே முழுகுவது வேறு, நாம் தலையில் வைத்து ஊற வைப்பது வேறு என்றும் தெரியும். ஆனால் புருஷன் வெகுநாளைக்கப்புறம் சிரித்துப் பேசுகிறபோது எந்தப் பெண்டாட்டிக்கு அதெல்லாம் ஞாபகம் வரும்?

டிராமில் போனோம். ஏறி உட்கார்ந்ததுமே தம்பி ஜன்னலில் சாய்ந்து தூங்க ஆரம்பித்துவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பப் போனேன். “தூங்கட்டும், பாவம்” என்றார் இவர்.

மைதானம் ஜேஜே என்று இருந்தது. ஒரு பக்கம் பெரிய ஷாமியானா. அதில் துரைகளும் துரைசானிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டு வாசித்துக்கொண்டிருந்தது. ஷாமியானாவுக்கு எதிர்ப்புறம் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே நம்மவர்களை நிற்க வைத்திருந்தார்கள். பெரிய வீட்டு வங்காளிப் பெண்கள் மூடின வண்டிக்குள் உட்கார்ந்து திரை இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். வெட்டவெளியில் மடிசாரோடு நின்றவள் நான் ஒருத்திதான். என்னையும் ஒரு வேடிக்கையாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றேன்.

தம்பி ஓட்டக்காரர்களின் கூடாரத்துக்குப் போய்விட்டான். மைல் ஓட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மூங்கிலை ஊன்றித் தாண்டுகிறவர்களைப் பார்த்தோம். இரும்புக் குண்டு எறிகிறவர்களைப் பார்த்தோம். தாண்டினவன் யார், தூரம் எறிந்தவன் யார் என்று ஜனங்கள் அவ்வளவாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு மூங்கில் நடுவில் படீரென்று முறிந்து, அதைப் பிடித்திருந்த ஆள் முதுகு அடிபட விழுந்தான். அப்போதுதான் மைதானமே அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பு. துரைசானிகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கயிற்றுக்கு வெளியே காலேஜ் பையன்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். யாரோ பெற்ற பிள்ளை.

மைல் ஓட்டக்காரர்களைக் கூப்பிட்டார்கள். வரிசையாக வந்து நின்றார்கள். பட்டாளத்து வெள்ளைக்காரர்கள், ஒரு சீக்கியச் சிப்பாய், பம்பாயிலிருந்து வந்த ஒரு பார்சிப் பையன், இன்னும் நாலைந்து பேர். தம்பி வெறுங்காலோடு ஓரத்தில் நின்றான். தலைமயிர் பளபளவென்று இருந்தது. கொட்டாவி விட்டான். மறுபடியும் விட்டான்.

அந்தச் சமயம் பார்த்து இவருடைய ஆபீஸில் கணக்குப் பார்க்கிற தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வயசானவர், மனசில் பட்டதைக் கேட்டுவிடுகிறவர்.

“என்ன ஓய், இப்பத்தான் உம்ம மச்சினனைக் கூடாரத்திலே பார்த்துட்டு வரேன். சீயக்காய் மணக்கறது. எண்ணெய் தேச்சுண்டவனையா மைல் ஓட விட்டிருக்கீர்? படுத்துக் கிடக்க வேண்டியவன் ஐயா அவன். உமக்குமா தெரியாது?”

இவர் என்னைக் கண்ணால் காட்டினார். “நான் என்ன பண்றது? அவன் அக்கா பிடிவாதம் பிடிச்சா. தம்பி வந்ததுலேர்ந்து எண்ணெயே தேச்சுக்கலைன்னு ஒரே புலம்பல். பொம்மனாட்டி சொன்னாக் கேக்கறாளா?”

குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. நான் பக்கத்தில் நிற்கிறேன், காது கேட்கிறவள் நிற்கிறேன், என் எதிரிலேயே சொன்னார். கேட்ட தஞ்சாவூர்க்காரர் என்னைப் பார்த்து, “அசடு” என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுப்பு, கிண்ணம், மணை, நெய், சிரிப்பு எல்லாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் துப்பாக்கி வெடித்தது. ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

நாலு சுற்று ஓட வேண்டும். முதல் சுற்றில் தம்பி மூன்றாவதாக வந்தான். பழக்கத்தில் ஓடுகிறான், கால் அதுபாட்டுக்குப் போகிறது. எங்களைக் கடந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். தூக்கத்தில் நடக்கிறவன் முகம். நான் சுவாமியைக் கூப்பிட்டேன். இன்னும் கொஞ்சம், இப்படியே கொஞ்சம் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் சீக்கியன் அவனைத் தாண்டினான். பிறகு பார்சிப் பையன். பிறகு யார் யாரோ. தம்பியின் கால்கள் வாழைத்தண்டு மாதிரி மடங்கின. கையை வீசி வீசிப் பார்க்கிறான், உடம்பு வரமாட்டேன் என்கிறது.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் ஓட்டத்தைப் பார்க்கவே இல்லை. ஷாமியானாவில் துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை முகம் சுளிக்கச் சுளிக்க இவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டவன் முகத்தில் வருமே, அந்த மாதிரி.

மூன்றாவது சுற்றில், சரியாக எங்களுக்கு எதிரில் வந்தபோது தம்பி நின்றான். குனிந்தான். வாந்தி எடுத்தான். காலையில் நான் போட்ட சாதம், நான் விட்ட நெய், எல்லாம் புல்லின்மேல் வந்து விழுந்தது. காலேஜ் பையன்கள் கையைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். “தொய் பாத்! தொய் பாத்!” என்றார்கள். வங்காளியில் தயிர்சாதம். மதராஸிகளைக் கண்டால் அவர்கள் செய்கிற வழக்கமான கேலி. ஒருத்தன் ஆரம்பித்தான், நூறு பேர் பிடித்துக்கொண்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பட்டாளத்து வெள்ளைக்காரர்களுக்கு அர்த்தம் தெரியாது. அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். மூங்கில் முறிந்தவனுக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஓடினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். விழுந்து கிடந்திருக்கலாம். ஜெயித்தவர்கள் முடித்துக் கைகுலுக்கி, மேலே சட்டை போட்டுக்கொண்டு, சோடா குடித்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவில் கட்டியிருந்த நாடாவைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். அடுத்த பந்தயத்துக்குக் கூலிகள் தடைக்கட்டைகளைத் தூக்கிவந்து பாதையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவன் ஒருத்தன் மட்டும் அந்தக் கட்டைகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடிவருகிறான். பந்தயம் நடத்துகிறவர் என்று மார்பில் பட்டு ரிப்பன் குத்தியிருந்த ஒரு துரை கோழியை விரட்டுகிற மாதிரி கையை வீசி அவனைப் பாதையை விட்டு விரட்டினான். அவன் போகவில்லை. கோடு இருந்த இடத்தைத் தாண்டினான். அப்புறம்தான் விழுந்தான்.

நான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நுழையப் போனேன். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “மானத்தை வாங்காதே” என்றார். மானமாம். யாருக்கு இருந்தது அங்கே மானம்?

கொஞ்ச நேரம் கழித்துத் துரை கயிற்றோரம் வந்தான். இவர் வளைந்தார். துரை சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல் ஏதோ சொன்னான். இவர் “எஸ் சார்” என்றார். துரை இன்னும் ஏதோ சொன்னான். இவர் மறுபடியும் “எஸ் சார்” என்றார். துரை போய்விட்டான்.

என்னிடம் திரும்பி வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “மாசக் கடைசியோட போதும்னுட்டார். நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். கேக்கலை” என்றார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எஸ் சாருக்கு அர்த்தம் தெரியும்.

குதிரை வண்டி பேசிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் ரோட்டுப் பக்கம் போனார். வரும்போது டிராம், திரும்பும்போது குதிரை வண்டி. அன்றைக்கு அவருக்குத் தாராளம். நான் தம்பியைத் தேடிப் போனேன். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் அவனைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். யாரும் பக்கத்தில் இல்லை. எழுந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். உதடு வெளுத்திருந்தது. தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தேன். மாசக் கடைசி சமாசாரத்தைச் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினான்.

எனக்கு அடக்க முடியவில்லை. “வேணும்னு பண்ணினார்டா. ஆசையுமில்லை, அருமையுமில்லை. நீ ஓடப்படாதுன்னு பண்ணின வேலை அது. அந்தத் தஞ்சாவூர்க்காரர்கிட்டே என் மேலே பழியைப் போட்டார். என் காதாலே கேட்டேன்” என்றேன்.

“தெரியும் அக்கா.”

“என்ன தெரியும்?”

“கிண்ணத்தைப் பார்த்தப்பவே தெரியும். ஓட்டத்துக்கு முன்னாடி எண்ணெயைத் தொடப்படாதுன்னு ஊர்லே டிரில் மாஸ்டர் சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கார். நான் இத்தனை நாளா ஏன் தேச்சுக்காம இருந்தேன்னு நினைச்சே?”

நான் அவனையே பார்த்தேன். “தெரிஞ்சும் ஏண்டா போய் உக்காந்தே பாவி? எழுந்து ஓடியிருக்கப்படாதா? என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?”

புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னான்.

“அவர் உன்னைப் பார்த்துச் சிரிச்சார். நான் இந்த ஆத்துக்கு வந்ததுலேர்ந்து அவர் உன்னைப் பார்த்துச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. நீ அப்படியே பூரிச்சுப் போய் நின்னே. நான் வேண்டாம்னு எழுந்து போயிருந்தா, அந்தக் கோபமெல்லாம் உன் தலையிலேதானே வந்து விடியும்? நான் ஓடி ஜெயிச்சிருந்தாலும் உன் தலையிலேதான். நான் ஊருக்குப் போனா சித்தப்பாவாத்துக் கொட்டகை இருக்கு. நீ எங்கே போவே?”

தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“அழாதே. அத்திம்பேர் வரார்” என்றான் தம்பி. “முகத்தைத் துடைச்சுக்கோ.”

துடைத்துக்கொண்டேன்.